தாளில் வரைந்த கால்

நாற்பத்தைந்து வயதில் ஓடக் கிளம்பியவள் நான். வெறுங்காலில் ஓடுவதுபோலவே இருக்கும் என்று சொல்லி விற்கிற மெல்லிய ஷூவுக்கு, காலைத் தாளில் வைத்து வரைந்து அளவு அனுப்பச் சொன்னார்கள். பென்சில் குதிகாலைச் சுற்றி வந்தபோது கூசியது.

அறந்தாங்கி வீட்டில் அம்மா இப்படித்தான் வரைந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தாள் துபாயிலிருந்த அப்பாவுக்குக் கடிதத்தோடு போனது. அவருக்கு லீவு கிடைப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. தாளில் இருந்த கால் மட்டும் வளரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்தது வெள்ளை ஷூவைத்தான். விரல்களை மடக்கி உள்ளே திணித்தேன்.

"சரியா இருக்கா, ஆத்தா?" என்று முனையை அமுக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்குப்பா."

"அளவெடுத்து அனுப்புனது நல்லதாப் போச்சு" என்றார் அம்மாவிடம். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவர் ஊரில் இருந்த நாற்பது நாளும் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் போட்டுப்போனேன்.

புது ஷூ வந்துவிட்டது. செம்மண் பாதையின் ஒவ்வொரு சரளைக்கல்லும் காலுக்குத் தெரிகிறது. ஐந்து விரலும் விரிந்து நிற்க உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் மடங்கியே கிடக்கிறது, அப்பாவின் லீவு இன்னும் முடியாததுபோல.