துரையின் இறக்கையும் பெட்டிக் கங்காணியின் ஈயமும்

என் பேத்தி சுபா அடுப்படி வாசலில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்க ஒரே நாற்றம். கனிந்து கறுத்துப்போன வாழைப்பழத்தை ஆஸ்பத்திரி மருந்தில் போட்டுப் பிசைந்தது போல. "எழும்பி வெளிய போய்ப் பூசு" என்று கத்தினேன்.

"ஒங்களுக்கு ஒலகத்துல எதத்தான் தாத்தா புடிக்கும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கத்திவிட்டு நான் அங்கேயே நின்றேன், மூக்கைக்கூட மூடவில்லை. இந்த நாற்றம் எனக்குப் பழக்கம். இதை நான் வாளி வாளியாகக் கலக்கியிருக்கிறேன். அப்போது இது நகத்துக்குப் பூசுகிற சாமான் இல்லை. ஏரோப்பிளேனின் தோலுக்குப் பூசுகிற சாமான்.

சிரிக்காதீர்கள். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஏரோப்பிளேன் செய்தோம். வெள்ளைக்காரன் காலத்தில், எனக்குக் கல்யாணமான புதிதில். நான் ஃபெக்டரியில் தகரவேலைக்காரன். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு விரித்து, மூலை மடித்து, குங்கிலியம் போட்டுப் பற்றவைப்பது என் வேலை. குங்கிலியப் புகை வாசம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. என் பெண்சாதி லெச்சுமி அதைக் கோயில் வாசம் என்பாள், கோபமாக இருக்கும்போது பிண வாசம் என்பாள்.

அப்போது தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரைக்குத் தேயிலையில் மனம் இல்லை. கொழுந்தைப் பார்ப்பதைவிடப் பருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சீமையிலிருந்து வந்த புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தானே பறக்கும் யந்திரம் செய்யப்போவதாகச் சொன்னான். இஞ்சின் கப்பலில் வந்தது. மற்றதெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. இறக்கைக்குள் வைக்கிற எலும்புகளைப் பெட்டிப் பலகையில் அறுத்தோம். தேயிலைப் பெட்டிக்கான பலகை, மெல்லிசு, மூன்று படை ஒட்டியது. பறித்த கொழுந்தை வாடப்போடுகிற மாடியில் இலையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தரையில் சோக்கட்டியால் இறக்கையை முழு அளவில் வரைந்தான் துரை. கொழுந்து பரப்ப வந்த பெண்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

ஃபெக்டரியில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் யாழ்ப்பாணத்து ஐயா. அவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "உந்த மனிசனுக்கு விசரடா. இலை கருகிப்போனா ஆர் பதில் சொல்லுறது? பறக்கிறதெண்டா காகம் சும்மா பறக்குதுதானே."

துரை திரும்பினான். "ஐயா என்ன சொல்றது?"

"வலு வடிவா இருக்கெண்டு சொன்னனான்" என்றார் ஐயா. படித்தவர்களுக்கு நாக்கு அப்படிச் சுழலும்.

தோல் தைக்கப் பலாங்கொடை பசாரிலிருந்து ஹனிபா தையல்காரரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுசன், வாயில் எப்போதும் வெற்றிலை. இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்து நாடா பிடித்தார். "எல்லாம் சரி தொரே, இதுக்கு அக்குள் எங்க ஈக்கி?" என்றார். துரை விளக்கினான், கையை நீட்டி, மடக்கி, பருந்து போல ஆடிக் காட்டினான். ஹனிபா நானா தலையை ஆட்டிவிட்டு, வளருகிற பிள்ளைக்குச் சட்டை தைப்பது போலக் கொஞ்சம் தொளதொளவென்று தைத்தார். அவருக்கு அது வழக்கம். துரை முதலில் முறைத்தான். அதன் மேல் அந்த வாழைப்பழச் சாமானைப் பூசிக் காயவிட்டதும் துணி சுருங்கி, பறையில் கட்டிய தோல் மாதிரி விறைத்து நின்றது. இறுக்கமாகத் தைத்திருந்தால் உள்ளே இருந்த எலும்பெல்லாம் நொறுங்கியிருக்குமாம். ஹனிபா நானா தெரிந்தேதான் செய்தேன் என்று முகத்தை வைத்துக்கொண்டார்.

என் பங்கு பெட்ரோல் தொட்டி. அது இரண்டு இறக்கையும் சேருகிற நடுவில், தோலுக்கு அடியில் ஒட்டி உட்கார வேண்டும். இறக்கையின் முதுகு வளைவுதான் தொட்டியின் முதுகும். ஈயத்தகடு கனம் என்று துரை தள்ளிவிட்டான். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, மரக்கட்டையில் தட்டித் தட்டி வளைத்தேன். பெட்ரோல் உள்ளே அலையடித்து ஒரு பக்கமாக ஓடாமல் இருக்க நடுவில் தடுப்பு வைத்தேன். முதுகில் சின்னக் குழாய் ஒன்று வைக்கச் சொன்னான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அதையும் வைத்தேன், தோலுக்கு வெளியே மூக்கு மாதிரி தெரிகிறபடி. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

துரை தொட்டியைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு, "ரெண்டு சீட் இருக்கு. முன்னாலே கனம் வேணும். தொட்டி யார் செஞ்சது? அவன் தொட்டி கீழே குந்து. ஒழுகினா அவன் தலை மேலே ஒழுகு" என்றான்.

என்னை யாரும் கேட்கவில்லை. மாட்டேன் என்றால் வேலையை விட்டு நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கிழித்துக் கையில் கொடுப்பான், தோட்டம் தந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். லெச்சுமி அப்போது மாசமாக வேறு இருந்தாள். ஏறினால் சாவு, ஏறாவிட்டால் ரோடு. என் கனம் தெரிய வேண்டுமென்று கொழுந்து நிறுக்கிற தராசில் தொங்கவிட்டார்கள். பொம்பிளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தான், வழக்கம்போல ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் சொன்னான். மனுசனையும் விடாத பயல்.

லெச்சுமி அழவில்லை. "மோதிரத்தக் கழட்டி வச்சிட்டுப் போங்க. அப்பறம் அத மலையில தேடிக்கிட்டு என்னால திரிய முடியாது" என்றாள். ஆனால் அன்று காலையில் என் நெற்றியில் திருநீறு பூசினவள், மிச்சத்தைப் பொட்டலமாக மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தனைப் புல்வெளியில் தோட்டமே கூடிவிட்டது. கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனமும் வந்திருந்தது. ஒரு கிழவர் யந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, "மேக்க யன்னே நே" என்று தீர்ப்புச் சொன்னார். இது போகாதாம். அவர் வாயில் சர்க்கரை போடலாம் போல இருந்தது. இஞ்சினை ஓட்டிப் பார்த்த நாளிலெல்லாம் துரை வாலைக் கயிற்றால் சவுக்கு மரத்தில் கட்டிவிட்டு, நல்ல நேரம் ஓடவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கச் சொல்வான். அன்றும் கட்டினார்கள். என்னை முன் சீட்டில் வைத்து வாரால் இறுக்கினார்கள்.

அப்போதுதான் பெட்டிக் கங்காணி மாரிமுத்து வந்தார். பெட்டி கட்டுகிற அறைக்கு அவர்தான் ராஜா. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எங்கேயாவது வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் எங்கள் அம்மா அப்பாவரை திட்டு போகும். காற்றுப் புகுந்தால் தேயிலை பூஞ்சணம் பூத்துவிடும், கொழும்பிலிருந்து பெட்டி திரும்பி வரும். அவர் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அவர் குனிந்து என் தோளைத் தட்டினார். "பயப்படாத மாப்ளே. நேத்து அந்தியில நான் ஒரு தடவ பாத்தேன். தொட்டி முதுகுல ஒரு ஓட்டைய விட்டுட்டீங்கடா, மடப்பயலுகளா. நல்ல வேள நான் பாத்தேன். ஈயத்த உருக்கி அடச்சிட்டேன். ஏங் கையத் தாண்டி ஓட்டையோட ஒரு சாமானும் வெளிய போவாது."

நான் வாயைத் திறந்தேன். பின்னால் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பி வாலைப் பார்த்தேன், கயிறு மரத்தில் இருந்தது. தொட்டிக்குள் காற்றுப் போகாவிட்டால் அது அவிழுமுன்னே இஞ்சின் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டேன். ஏன் திறக்கவேண்டும்? என்னைக் கேட்டா ஏற்றினான்?

விசிறியைச் சுற்றினார்கள். இஞ்சின் பிடித்தது. புல்லெல்லாம் படுத்தது, ஹனிபா நானாவின் தொப்பி பறந்தது, பிள்ளைகள் அலறின. நான் எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன், மாதா கோயில் அம்மாவையும் சேர்த்து. இஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டேயிருந்தது. கங்காணி சரியாக அடைக்கவில்லையோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. துரை கையைத் தூக்கினான், கயிற்றை அவிழ்க்கச் சொல்லி. ஒருவன் மரத்தடிக்கு ஓடினான். முடிச்சு இறுகிக் கிடந்தது. அவன் பல்லால் கடித்தான்.

அப்போது இஞ்சின் இருமியது. என் தலைக்கு மேலே 'டொங்' என்று ஒரு சத்தம், கோயில் மணி உடைந்த மாதிரி. தொட்டியின் முதுகு உள்ளே அமுங்கிப்போனது. காற்று வரவில்லையே, பெட்ரோல் இறங்கின இடத்துக்குத் தகரமே இறங்கிவிட்டது. அதோடு ஒட்டியிருந்த இறக்கைத் தோலும் பல்லில்லாத கிழவி கன்னம் போலச் சுருங்கி, 'சர்' என்று கிழிந்தது. விசிறி நின்றது.

"அல்லாவே, ஏன்ட தோலு!" என்று ஹனிபா நானா தலையில் கை வைத்தார்.

துரை இறங்கி மேலே ஏறிப் பார்த்தான். ஈயத்தால் அடைத்த குழாயை விரலால் தடவினான். "யார் மூடினது?"

மாரிமுத்துக் கங்காணி முன்னால் வந்து, தலைப்பாகையைச் சரிசெய்து, சலாம் போட்டார். "நாந்தாங்க தொரை!" பரிசு கொடுப்பான் என்று நினைத்தார், பாவம்.

 துரை தன் தொப்பியைக் கழற்றிப் புல்லில் போட்டு, மிதி மிதி என்று மிதித்தான். கங்காணியை அடிக்காமல் விட்டானே, அந்த மட்டில் நல்லவன்.

புதுத் தொட்டி செய்யச் சொன்னான். செய்தேன், ஆமை வேகத்தில். அதற்குள் சப்ரகமுவ மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை பிடித்தால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். தோல் தொய்ந்து பூஞ்சணம் பூத்தது. ஃபெக்டரி பார்க்க வந்த பெரியவன் ஒருவன் வாடும் மாடியில் இலைக்குப் பதிலாக இறக்கை காய்வதைக் கண்டான். துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சத் துணியைப் பொம்பிளைகள் கிழித்து கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்காது. கொட்டுகிற மழையில் அந்த இறக்கை ஒரு மலை முழுக்கக் கொழுந்து பறித்தது.

இப்போது அந்தப் புல்வெளியில் பைனஸ் மரம். தேயிலை கடதாசி மூட்டையில் போகிறது. பலகைப் பெட்டி இல்லை, ஈயத்தகடு இல்லை, குங்கிலிய வாசம் இல்லை. பிண வாசம் என்று மூக்கைச் சுளிக்க லெச்சுமியும் இல்லை.

சுபா நாளைக்குக் கொழும்புக்குப் போகிறாள். அங்கேயிருந்து ஏரோப்பிளேனில் அரபு நாட்டுக்கு, யாரோ வீட்டில் சமைக்க. அவளையும் யாரும் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அதுல பெட்ரோல் தொட்டி எங்க இருக்காம்?" என்று கேட்டேன்.

"எறக்கைக்குள்ளயாம். எதுக்கு தாத்தா?"

"முதுகுல காத்துப் போக ஓட்ட இருக்கான்னு பாக்கச் சொல்லு."

"யார்கிட்ட சொல்றது? பேசாம இருங்க தாத்தா" என்று சிரித்து, விரலை விரித்து நகத்தை ஊதினாள்.

மாரிமுத்துக் கங்காணி மாதிரி ஆள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் உயிரோடு இருந்திருந்தால், இன்றைக்கே கையில் ஈயக்கட்டியைக் கொடுத்து, ஏரோப்பிளேன் ஏறுகிற கட்டுநாயக்காவுக்கு பஸ் ஏற்றி விட்டிருப்பேன்.