இவான் வந்த பங்குனி

ஊசி குத்தி வைக்கும் சிவப்புப் பஞ்சுப் பொதியில் சாய்த்து நிறுத்திய ஒரு பழைய கைபேசி. மதாமை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணுக்குள் வருகிறது. ரூ பெர்தொனே தெருவில் நாங்கள் சேலைச் சட்டை தைக்கும் கடைக்கு, மணிவேலை செய்ய வந்த உக்ரைன்காரி அவர். இப்போது சென் தெனியில் வேறு வேலை பார்க்கிறார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டுமே. பாதியைக் கையால்தான் பேசுவோம்.

ஊரில் தனியே இருந்த தாயோடு தினமும் மதியம் பேசுவார். பேச்சு முழுக்க இவான், இவான். கேட்கும் கேள்வி விளங்காவிட்டாலும், பதிலைக் கேட்டு அவர் முகம் வாடுவது விளங்கும். இவான்தான் கணவர், போர்முனையில் நிற்கிறார், இன்னும் வீடு திரும்பவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். நேரே கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கலியாணம் கட்டிய நாள்முதல் கணவரை "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிடும் முதலாளி அக்காவுக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. "மனுசன்ர பேரை இப்பிடி ஏலம் போடுறாவே," என்பார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் இவான் பேருக்கு அர்ச்சனை செய்வித்தது அவர்தான். நட்சத்திரம் தெரியாது என்றதும் ஐயர் பெயரை மட்டும் சொல்லிச் செய்தாராம்.

பங்குனியில் ஒரு மதியம், மதாம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இவான் வந்துவிட்டான்!"

அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். "காயம் ஒண்டும் இல்லையோ எண்டு கேளடி," என்று என்னை அவசரப்படுத்தினார். நான் கேட்டேன். மதாம் கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். தாய் வீட்டு வாசலில் நிற்கும் மின்கம்பத்து உச்சியில் ஒரு கூடு. அதில் சிவந்த கால்களோடு ஒரு நாரை.

நான்தான் முதலில் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை. "நான் நாரைக்கோ அர்ச்சனை செய்தனான்?" என்று அக்கா கதிரையில் இருந்துவிட்டார்.

அவர்கள் மொழியில் அதற்கு லெலேகா என்று பெயராம். துருக்கியரிடமிருந்து வந்த சொல்; அலகை அடிக்கும் சத்தமே அதில் இருக்கிறது என்பார்கள். பெலருஸ் பக்கம் போனால் புசெல். ஆனால் வீட்டில் மனிதப் பெயர்தான். கடவுள் பாம்புகளை ஒரு பையில் கட்டி, கடலில் போடச் சொல்லி ஒருவனிடம் கொடுத்தார். அவன் ஆசையில் அவிழ்த்துப் பார்க்க, எல்லாம் ஓடிவிட்டன. அந்தத் தண்டனைக்கு நாரையாக மாறி இன்றும் பாம்புகளைப் பொறுக்கிக்கொண்டு திரிகிறான். ஆகவே மதாமின் ஊரில் இவான், பக்கத்து ஊரில் வசீல், போலந்தில் வோய்தெக். நாரை கூட்டுக்குத் திரும்பி வரும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றும் நம்புவார்களாம்.

"மனுசனாய் இருந்தவர்தானே. அப்ப அர்ச்சனை வீண்போகேல்லை," என்று அக்கா தேறிக்கொண்டார்.

மதாம் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். இந்த வருடம் இவான் கூட்டுக்கு வராவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் வருவதாகத் தாய் சொல்லியிருந்தாராம். எபினேயில் தன் அறையில் அவருக்குக் கட்டிலும் போட்டாயிற்று. "அம்மா இனி வரமாட்டா," என்றார்.

"பிறகேன் அவன் வரவேணும் எண்டு நிண்டவ?" என்று அக்கா என்னைக் கேட்க, நான் மதாமைக் கேட்டேன்.

பதிலாகக் கைபேசியை என் காதில் வைத்தார். அலகு அடிக்கும் சத்தம், அதற்கு மேலே ஒரு கிழவியின் சிரிப்பு. நடுவில் அவர் ஏதோ உரக்கச் சொன்னார்.

"என்ன சொல்லுறா?" என்று மதாமைக் கேட்டேன்.

"வீடு இருக்கிறது, கோடைக்கு எல்லோரும் வாருங்கள் என்கிறா."