ஆறாயிரத்து ஐந்நூறு அடி

படைப்பிரிவில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். போர் விமானங்களுக்கு வானத்திலேயே எரிபொருள் நிரப்பிவிடும் பெரிய டாங்கர் விமானத்தில் அவர் இன்ஜினியர். ஓட்டுகிற இருவருக்கும் பின்னால், சுவர் முழுக்க முள்ளும் விளக்கும் சுவிட்சுமாக இருந்த பலகைக்கு எதிரே அவர் இருக்கை. எந்த இறக்கையில் எவ்வளவு எரிபொருள், எப்போது எதை எங்கே மாற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விமானத்துக்குள் ஒருவர் காபிக் கோப்பையை இடம் மாற்றி வைத்தாலும் தராசுக்குத் தெரிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருந்தது.

அவரைப் படிக்க வைத்தது அக்கா. அப்பா போனபிறகு அச்சகத்தில் தாள் மடிக்கப் போய், தம்பியை ஆளாக்கிவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது அவளும் கணவரும் விமானதளத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கால்வாய் ஓரம் மூன்று மீன்குளங்கள் வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே ஏதாவது விமானம் போனால் போதும், உடனே போனை எடுத்து, "இப்ப போச்சே, அது உன்னுதாடா?" என்று கேட்பாள். பாதி நாள் அவர் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே பதில் சொல்வார்.

அன்று காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். தொட்டிகள் நிறைய எரிபொருள். ஏறி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, மூன்றாம் இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. முறைப்படி அதை அணைத்தார்கள். மற்ற மூன்றும் குறையில்லாமல் ஓடின. திரும்ப வேண்டியதுதான், ஆனால் அவ்வளவு எடையோடு இறங்க முடியாது, சக்கரக்கால்கள் தாங்காது. இறக்கை நுனியில் இருக்கும் குழாய்களைத் திறந்து, எரிபொருளைக் கொட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதற்கென்று விதி உண்டு. கடலுக்கு மேலே போய்க் கொட்ட வேண்டும். முடியாவிட்டால் ஆறாயிரம் அடிக்கு மேலேயாவது இருக்க வேண்டும். அந்த உயரத்தில் கொட்டினால் காற்று அதைப் பொடிப்பொடியாக்கி, தரைக்கு வருமுன் ஆவியாக்கிவிடும். பத்தொன்பது வருடத்தில் தராசு நான்கு முறை கொட்டியிருந்தார். நான்கும் கடலுக்கு மேல்.

விமானத்தை ஓட்டிய கமாண்டருக்கு அன்று பொறுமை இல்லை. மதியம் மேலிடத்து அதிகாரி ஒருவர் தளத்தைப் பார்வையிட வருகிறார். அணிவகுப்பில் முன்னால் நிற்க வேண்டியவர் கமாண்டர். அடுத்த பதவி உயர்வு அந்த அதிகாரியின் கையில். இது மூவருக்கும் தெரியும்.

"கொட்ட ஆரம்பிங்க," என்றார் கமாண்டர்.

"சார், ரெண்டாயிரத்து ஐந்நூறு அடியிலதான் இருக்கோம். கீழ வீடுங்க இருக்கு. கடல் இருபது நிமிஷந்தான்."

"மூணு இன்ஜினை வச்சுக்கிட்டு உன்னைக் கடலுக்கு உலா கூட்டிட்டுப் போகணுமா? கொட்டுன்னா கொட்டு."

இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டாவது கொட்டலாமே என்று தராசு சொல்லிப் பார்த்தார். இது ஆர்டர் என்று பதில் வந்தது. துணை விமானி, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன இளைஞர், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தராசு சிவப்பு மூடிகளை நிமிர்த்தி, சுவிட்சுகளைத் தள்ளினார். யாரும் தன் கையைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதைப் பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதினொரு நிமிடம் கொட்டியது, நிமிடத்துக்கு இரண்டு டன் வீதம். விமானம் வட்டமடித்தது. எட்டிப் பார்த்தபோது இறக்கை நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு வால் நீண்டிருந்தது. அதற்குக் கீழே கால்வாயின் வளைவு, செங்கல் சூளை, பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை, பக்கத்துப் பக்கத்தில் மூன்று சதுரமாகத் தண்ணீர். அக்காவின் குளங்கள். கை சுவிட்சுக்குப் போகவில்லை. முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையிறங்கியதும் பதிவேட்டுத் தாளில் உயரம் என்ற இடத்தில் 2,500 என்று உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் எழுதலாம் என்ற நினைப்பே அப்போது அவருக்கு வரவில்லை.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "வானத்துல இருந்து மண்ணெண்ணெய் மாதிரி தூறிச்சுடா. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. உங்க ஆளுங்க யாராவதா?"

"தெரியலக்கா. விசாரிச்சுச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலை போனார். குளத்தின் மேல் எண்ணெய்ப் படலம் வெயிலில் நிறம் நிறமாக மின்னியது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, செத்த மீன்களை வலைக்கூடையால் அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவருக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தையல்காரி, கொடியில் துணி எடுக்கும்போது அண்ணாந்து பார்த்தாளாம். இரண்டு கண்ணும் வீங்கி, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா எல்லோரிடமும், தம்பி அங்கேதான் இருக்கிறான், யார் செய்தது என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான் என்று சொல்லி வைத்திருந்தாள். தராசு கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, மாலைவரை அவளோடு மீன் அள்ளினார்.

அடுத்த நாள் கமாண்டர் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசைமேல் தராசு எழுதிய தாள் இருந்தது. பக்கத்தில் எழுதாத தாள் ஒன்று. கமாண்டர் மிரட்டவில்லை, நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார். ஓய்வுக்கு உனக்கு இன்னும் பதினாலு மாதம்தானே என்றார். துணை விமானி சின்னப் பையன், அவன் வாழ்க்கையும் சேர்ந்து போகும் என்றார். எப்படியும் சுவிட்சைத் தள்ளியது உன் கைதானே என்றும், கடைசியில், மெதுவாகச் சொன்னார். தராசு புதுத் தாளில் 6,500 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய தாளைக் கமாண்டர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கால்வாய் ஓரக் குடியிருப்பில் புகார் மனு சுற்றத் தொடங்கியதும், தளத்து அதிகாரிகள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சனங்களுக்குப் புரியும்படி விளக்க ஆள் வேண்டும், உன்னைப்போல் யாருக்கும் சொல்லத் தெரியாது என்று தராசையே அனுப்பினார்கள். இஸ்திரி போட்ட சீருடையில் அவர் மேடை ஏறினார். இரண்டாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் நிற்கிற தோரணையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

அவர் நன்றாகவே பேசினார். குழாயிலிருந்து வெளிவரும் எரிபொருள் எப்படித் துளியாகிறது, துளி எப்படிப் பனியாகிறது, பனி எப்படி மறைகிறது என்று கையால் காட்டிச் சொன்னார். வாசனை வேண்டுமானால் வரும், எண்ணெய் வராது என்றார். குளத்தில் தீவனம் மிஞ்சிப்போனால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று தளம் நடத்திய விசாரணை அறிக்கையில் இருந்ததை வாசித்தார். ஒரு எண்ணைத் தவிர, விமானத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை.

தையல்காரி எழுந்தாள். ஒரு கண்ணில் இன்னும் கட்டு. "என் கண்ணுல விழுந்தது துளிங்க. பனி இல்ல. எவ்வளவு உயரத்துல இருந்து ஊத்துனீங்க?"

"ஆறாயிரத்து ஐந்நூறு அடிம்மா."

மண்டபத்தில் சலசலப்பு. அப்போது அக்கா எழுந்து தையல்காரி பக்கம் திரும்பினாள். "இவன் என் தம்பி. நான் வளத்த பிள்ளை. பொய் சொல்ல மாட்டான்," என்றாள்.

மனு அதோடு படுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேரை அக்காவே வீடு வீடாகப் போய்த் தங்கள் கையெழுத்தை அடித்துவிடச் சொன்னாள். தையல்காரிக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. அக்கா தன்னைத்தானே நொந்துகொண்டாள். அளவு தெரியாமல் தீவனம் போட்டுவிட்டேன் என்று கணவரிடம் அழுதாள். அவரோ தீவனக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார். குளங்களைக் கழுவி மறுபடி குஞ்சு விட்டார்கள். அடிச் சேற்றில் ஊறியிருந்தது போகவில்லை. அந்தக் குஞ்சும் தங்கவில்லை. மறு வருடம் குளங்களை மண்கொட்டி மூடினார்கள். அக்கா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். ஐம்பத்தைந்து வயதில் மறுபடி மடிப்பு வேலை, இந்தத் தடவை படுக்கை விரிப்பு.

ஓய்வுபெற்ற மூன்றாம் நாள் தராசு அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கமாண்டரைப் பற்றி ஆரம்பித்தபோது அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவரை விடு. நீ அன்னைக்கு முழுக்க என்கூட தண்ணியில நின்னியே. அப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்க்கா."

அக்கா உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "இப்ப சொன்னதை உன் கையால எழுது. மேடையில நீ பேசினது நீ பேசினது. நான் பேசினதுக்கு நான் பதில் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் அன்று பதினேழு வீடு ஏறி இறங்கினாள். சிலர் வாங்கிப் படித்தார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. தையல்காரிக்கு வலது கண் தெளியவே இல்லை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. படிக்க முடியாது, நீயே படி என்றாள். அக்கா வாசலில் நின்றபடி ஒரு வரி விடாமல் படித்தாள். தையல்காரி கடைசிவரை கேட்டுவிட்டு, சரி போ என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

தராசு அதையே மேலிடத்துக்கும் எழுதிப் போட்டார். நான்கு மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. தாங்கள் கூறுவது தாங்களே கையொப்பமிட்ட பதிவேட்டுக்கு முரணாக உள்ளது, எனவே கோப்பு முடிக்கப்படுகிறது என்றது. கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் பழைய கமாண்டர். பதவிப் பெயர் மட்டும் மாறி, பெரிதாகியிருந்தது.

அக்கா சண்டை போடவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. மாதம் ஒருமுறை தம்பியின் மனைவியோடு போனில் பேசுவாள். பிள்ளைகள் படிப்பு, மனைவியின் முழங்கால் வலி, மேல்மாடித் தண்ணீர்க் கசிவு என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். தராசு பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி அவள் கேட்பதில்லை.