ஆர்கஸ் பாலகுரு

ஓமானில், சோஹார் துறைமுகத்துக் கிடங்கில் பாலகுருவைப் பாலகுரு என்று கூப்பிட ஆளில்லை, ஆர்கஸ்தான். பெயர் வைத்தவர் மேனேஜர் வெங்கட்ராமன். மூட்டை இறக்கி முழங்கால் போனவனைக் கமுதிக்குத் திருப்பி அனுப்பாமல் கேமரா அறையில் உட்காரவைத்த புண்ணியவான்.

"கிரேக்கக் கதையில ஒரு ராட்சசன் வர்றான்பா, ஆர்கஸ்னு. உடம்பெல்லாம் நூறு கண்ணு. பனோப்டீஸ்னு பட்டப்பேரு, எல்லாத்தையும் பாக்கறவன்னு அர்த்தம். காவலுக்கு அவனை அடிச்சுக்க ஆளில்ல."

"கடைசில என்ன சார் ஆனான்?"

"கதை சொல்லித் தூங்கவச்சுக் கொன்னுட்டாங்க." அறையே சிரித்தது.

பாலகுருவுக்கு அறுபத்து நாலு கண். கிடங்கு, ஆட்கள் தங்கும் கேம்ப் எல்லாம் அதில் அடக்கம். எவன் ஹெல்மெட்டைக் கழற்றினாலும் தெரியும், போட்டுக்கொடுக்க மாட்டான். தெரியாதது தன் வீடு ஒன்றுதான். மனைவி சரசுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. "லீவு கெடைக்கட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று இரண்டு முறை தள்ளிப்போட வைத்தவன் அவன்தான். பாவி, லீவு கிடைத்தால்தானே! மூன்றாம் முறை அவளுக்கு வலி பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதுரையில் ஆபரேஷன்.

கேமரா அறைக்குள் போன் கூடாது. அதனால் வீட்டில் ரூம்காரன் காதர் மைதீனின் நம்பரைக் கொடுத்திருந்தான். அவனும் இதற்காகவே அன்று டியூட்டிக்குப் போகவில்லை.

பதினொன்றே காலுக்கு, முப்பத்தொன்றாம் திரையில், காதர் மைதீன் ரூம் வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றான். அப்படியே குந்தினான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். சத்தம் வராத திரை. பக்கத்து ரூம்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தான். பதறிப்போய் மற்றவர்களைத் தொட்டுக் காட்டினான். எல்லோருமாகக் காதர் மைதீனைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்குப் படாத சுவரோரம் ஒதுங்கினார்கள். திரையில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

பாலகுருவுக்கு விளங்கிவிட்டது. கேம்ப்பில் சாவை நேரே சொல்லும் வழக்கமில்லை. சீரியஸ் என்பார்கள், டிக்கெட் போடுவார்கள், மிச்சத்தை ஊரில் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்து ரூம் சோலைமுத்துவின் அப்பா தவறியபோது, ஏர்போர்ட்வரை பக்கத்தில் உட்கார்ந்து இதே பொய்யைச் சொன்னவன் பாலகுருதான்.

மதியம் ஏர்போர்ட் போகும் வேனில் காதர் மைதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல மாப்ள, கொஞ்சம் சீரியஸாம். போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு."

பாலகுருவுக்குக் கதறவேண்டும் போலிருந்தது. கதறினால் இவர்கள் பட்ட பாடெல்லாம் வீண். அதோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை சரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தானே இருக்கிறாள். காதர் மைதீனுக்குத்தான் அதற்குமேல் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

பாலகுரு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"அழாத மாப்ள. நல்லாயிருவா."