நாற்பது வீடுகளுக்கு ஒரே முகவரி

பத்திரிகை வேலையை விட்ட பிறகு நான் ஓர் இயங்குதளத்துக்குக் கையேடு எழுதினேன். திண்டிவனத்தில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருக்கும் என் நண்பன், வேலை நேரம் போக ஒன்பது வருடம் உட்கார்ந்து உருவாக்கியது அது. இணையத்தைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் சிறு பெட்டிகளில் ஓடுவதற்கானது. உண்மையில் அது ஓடியது ஒரே ஒரு பெட்டியில். விழுப்புரத்தில் கேபிள் இணையம் நடத்தும் ஒரு பெண்ணின் பெட்டி. அதன் பின்னால் திருவாமாத்தூரில் நாற்பது வீடுகள்.

எங்கள் மூவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், ஒரு முறை விழுப்புரத்திலும் அடுத்த முறை திண்டிவனத்திலும் கூடுவோம். எதைச் சேர்ப்பதானாலும் இரண்டு பேர் ‘சரி’ சொல்ல வேண்டும். இரண்டு கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும். குறிப்பேடு என் பொறுப்பு.

அந்தக் கோடையில் கேபிள் நடத்தும் அந்தப் பெண் கேட்டது நேட் (NAT) என்ற வசதி. அவருக்குக் கிடைத்திருந்த இணைய முகவரி ஒன்றுதான். நாற்பது வீடுகளிலிருந்து போகும் எல்லாவற்றின் மேலும் அந்த ஒரே முகவரியை எழுதி அனுப்பி, பதில் வந்ததும் எந்த வீடு கேட்டது என்று பார்த்துக் கொடுக்கும் வேலை அது. நண்பனின் இயங்குதளம் அதைச் செய்யாது. அதற்காகவே எங்கள் பெட்டிக்கு முன்னால் ஒரு பழைய பெட்டியையும் அவர் மாட்டி வைத்திருந்தார். மதிய வெயிலில் அது தினமும் நின்றுபோகும்; எல்லா வீட்டிலும் இணையம் அறுந்துவிடும். அதை மறுபடி ஓடவைக்க அவர் ஏணி போட்டு ஏறுவார்.

“அதுக்குப் புரோகிராம் கோடு நானே எழுதிட்டேண்ணா. சேத்துக்கினா போதும்.”

“வாணாம்மா,” என்றான் நண்பன். “ஊட்டுக்கு ஊடு சொந்த அட்ரஸ் இருக்கணும்னுதான் இதையே ஆரம்பிச்சேன். நேட் போட்டா வெளியிலேர்ந்து ஒருத்தனும் நேரா அந்த ஊட்டுக் கதவத் தட்ட முடியாது. புது அட்ரஸ் முறை வந்துக்கினு இருக்குது, அதுல ஊட்டுக்கு ஒண்ணு கெடைக்கும். கொஞ்சம் பொறு.”

“உங்க சிஸ்டம் சுத்த சைவம்ணா. அங்க நாப்பது ஊடு பட்டினி கெடக்குது.”

நண்பனே சிரித்துவிட்டான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு தரப்பையும் குறித்திருந்தேன், ஏறக்குறைய சம நீளத்தில். வாசித்துக் காட்டினேன்.

“எழுதினது கெடக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?” என்றார் அவர்.

“அடுத்த கூட்டத்துல பாக்கலாம்,” என்றேன்.

மூன்று கூட்டங்கள் இப்படிப் போயின. அவர் சொல்வது சரி என்று முதல் ஞாயிறே எனக்குத் தெரியும். இருபது வருடம் செய்தி எழுதியவனுக்குத் தரப்பெடுக்காமல் இருப்பது நேர்மை போலவே தோன்றும். உண்மையான காரணம் சிறியது. நான் ‘சரி’ சொன்னால் நண்பனின் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இணையம் தினமும் நின்றதால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரிடம் இணைப்பு வைத்திருந்த வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. நாலாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. குறுஞ்செய்தி வந்தது: “கடையில ரெடிமேட் பெட்டி வாங்கி மாட்டிட்டேண்ணா. உங்கள கழட்டிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.”

நான் திண்டிவனம் போனபோது நண்பன் கணினி முன் உட்கார்ந்திருந்தான். மேசையில் அந்தப் பெண் எழுதிய நிரலை அச்சிட்ட தாள்கள்.

“போட்டுட்டேன்,” என்றான். “நல்லா எழுதிக்கீது. ஒரு தப்பு இல்ல.”

மேசையில் அவன் சோதனைக்கு வைத்திருந்த பெட்டியின் பின்னால் அவனுடைய மடிக்கணினி ஒன்று மட்டும் செருகியிருந்தது. அதில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினான். உடனே வந்தது.

“குறிப்புல எழுது. அந்தப் பொண்ணு ஒண்ணு, நான் ஒண்ணு. உன் ஓட்டு?”

“சரி,” என்றேன்.

“இத மொத ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல?” குரலை உயர்த்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மூவரும் ஏற்றதாக எழுதினேன். கையேட்டில் நேட் பற்றி நான்கு பக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வாரமே எழுதி முடித்தேன். இதுவரை அந்தப் பக்கங்களில் யாரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.