ராஸ்கோ ஹெல்பரின் மகள்

மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன் ஆணி தேடுகிறாள் வெர்னெல் டிப்ஸ். கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் மரத்தை வருடியபடி ஒரு சுற்று வருகிறாள். காணாமல் போன பூனை, பழைய சாமான் விற்பனை, தள்ளுபடி விலையில் மெத்தை, எந்த நோட்டீஸாக இருந்தாலும் பிடுங்கிவிடுகிறாள். அதற்கென்று இடுப்பு வாரில் ஒரு குறடு தொங்குகிறது. காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டுப் போகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "காகிதம் யாரைக் கொன்னுச்சு? ஆணியப் புடுங்குய்யா."

ஆளை மேலே தூக்கிவிடும் பக்கெட் வைத்த லாரி எல்லா இடத்துக்கும் போய்விடாது. பிளின்ட் நகரத்துக் கொல்லைப்புறச் சந்துகளில் இன்னும் காலால்தான் ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் இரண்டு கால்களிலும் இரும்புக் கொக்கி கட்டிக்கொள்கிறார்கள். கொக்கியின் முள் மரத்தில் இறங்கினால்தான் ஆள் நிற்க முடியும். முள் ஆணித்தலையில் பட்டால் வழுக்கும். அதன் பிறகு முதுகெலும்பு.

இந்த இலையுதிர் காலத்தில் அவள் பிடுங்கும் அட்டைகளில் பாதி, தேர்தலில் அவள் இருக்கும் பக்கத்துக்கானவை. அடுத்த செவ்வாய்க்கிழமைத் தேர்தலில் ஒரு சட்டத் திருத்தமும் வாக்குக்கு வருகிறது. அது ஜெயித்தால், பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் மாநிலமும் அதன் கல்லூரிகளும் நடத்தும் சம வாய்ப்புத் திட்டங்கள் நின்றுபோகும். அட்டைகள் 'வேண்டாம் என்று வாக்களியுங்கள்' என்கின்றன. வெர்னெலும் வேண்டாம் என்கிறவள்தான். அப்படி ஒரு கல்லூரியின் பின்மைதானத்தில் கம்பம் நட்டுப் பெண்களுக்கு ஏறப் பழக்கும் வகுப்பு ஒன்று உண்டு. அவள் லைன்மேன் ஆனது அந்த வகுப்பால். ஜனவரியில் தொடங்கும் வகுப்பில் அவளுடைய சித்தி மகள் டானீஷாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. டானீஷா மருத்துவமனைச் சமையலறையில் தட்டு கழுவுகிறாள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். திருத்தம் ஜெயித்தால் அவளுக்கு ஜனவரி கிடையாது, தட்டுதான்.

அட்டைகளைக் கம்பத்தில் அடித்தது அவளுடைய சர்ச்சைச் சேர்ந்த சிஸ்டர் எர்லீன்.

"ஏண்டி, நம்ம அட்டையவே புடுங்குற. நீ எந்தப் பக்கம்?"

"கீழ விழாத பக்கம், சிஸ்டர். வீட்டு வாசல் புல்லுல குத்துங்க, நூறு குத்துங்க. இன்னொரு கம்பத்துல அடிச்சீங்கன்னா உங்க வீட்டுக் கரண்ட நானே வந்து புடுங்குவேன்."

"புல்லுல குத்துனா விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடறானுங்கடி."

"தூக்கட்டும். மறுபடி குத்துங்க."

பிடுங்கிய அட்டைகளை அவள் வீணாக்குவதில்லை. வேலை முடிந்ததும் தன் பிக்கப்பில் ஏற்றிப்போய், ஒவ்வொரு கதவாகத் தட்டி, அனுமதி கேட்டு, புல்லில் நட்டுவிட்டுப் போகிறாள். கதவைச் சாத்துகிறவர்களிடமும் நன்றி சொல்கிறாள். அந்த நன்றியைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆகஸ்டில் அவளுடைய அப்பா ராஸ்கோ இறந்தார். எப்படி என்று யாராவது கேட்டால் "இதயம்" என்கிறாள். பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வது போலத்தான் இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது சில நாள் அவர் தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுகிறாள். பிறகு யார் வீட்டு வாசலிலாவது பின்வாங்கி வெளியே வருகிறாள்.

ராஸ்கோ, அவள் வேலை பார்க்கும் அதே மின் கம்பெனியில் ஹெல்பர். குழி தோண்டுவார். மேலே இருப்பவர்களுக்குச் சாமான்களைக் கயிற்றில் கட்டி அனுப்புவார். அவர் காலத்தில் கறுப்பர்களை மேலே ஏற்றுவதில்லை. அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யாரும் அவர்களை ஏறச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நேற்று மதியம் கம்பெனி யார்டில், லாரிக்குள் சாப்பாடு. வெர்னெல் வழக்கம்போல ஹாட்டாக்கில் கடுகு மட்டும் தடவிக்கொண்டு, வெங்காயத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். போர்மேன் டுவேன் கோவாக் பேச்சை எடுத்தான். கெட்டவன் அல்ல. அவளோடு பல புயலில் கம்பம் ஏறியவன்.

"சமம்னா சமம்தானே வெர்னெல். யாருக்கும் சலுகை வேணாம்ங்கறாங்க. திறமை இருக்கறவன் ஏறட்டுமே. உன்னச் சொல்லல. நீ வேற."

"நான் என்ன வேற? நான் எப்படி வந்தேன்னு நெனச்சிட்டிருக்க? மூணு தடவ மனு போட்டேன். ஹெல்பர் மகளான்னு சிரிச்சானுங்க. அந்த வகுப்புல படிச்சிட்டு வந்த பிறகுதான் உள்ளயே விட்டானுங்க."

"நீ நல்லா ஏறுவ. அதான் எடுத்தாங்க."

"ஏற விட்டாத்தானே நல்லா ஏறுறேனான்னு தெரியும். சரி, நீ எப்படி வந்த?"

"டெஸ்ட் எழுதி."

"டெஸ்ட் வெக்கறாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

டுவேன் வாயில் இருந்ததை மென்று முடித்தான். "மாமா."

"மாமா அப்ப என்னவா இருந்தாரு?"

"போர்மேன்."

பின்சீட்டில் இருந்தவன் காப்பியைச் சிந்திவிட்டுச் சிரித்தான். வெர்னெல் சிரிக்கவில்லை.

"இந்த யார்டுல கோவாக்குங்க அஞ்சு பேரு. அதுக்குப் பேரு குடும்பம். எங்க டானீஷா ஒருத்தி வந்தா அதுக்குப் பேரு சலுகை. மாமனுங்கள நிறுத்தறதுக்கு எவனாவது ஓட்டு வெச்சானா? வெச்சா சொல்லு, முத ஆளா போய் நிக்கறேன்."

"உங்கப்பா ஒரு நாளும் இப்படிப் பேசினதில்ல வெர்னெல். ராஸ்கோ மாதிரி ஒரு ஹெல்பர் கெடையாது. மேல ஏறணும்னு அவருக்கு ஆசையே இருந்ததில்ல."

துக்க வீட்டிலும் டுவேன் இதையேதான் சொன்னான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாராட்டாகவே சொன்னான். அன்றைக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நேற்று இறங்கிப் போனாள். தன் பிக்கப்பிலிருந்து ஒரு சாக்குப்பையை எடுத்துவந்து டுவேனின் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி ஏறுகொக்கி. பழைய மாடல், வார் வெடித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை அப்பா ஷெட்டக் காலி பண்ணேன். சுவத்து ஓரமா இருந்துச்சு. கம்பெனி குடுத்ததில்ல, அவரே வாங்கினது. வீட்டுப் பின்னாடி ஒரு கம்பம் நிக்கும். குருவிக்கூடு வெக்க நட்டேன்னு சொல்வாரு. அந்தக் கம்பம் பூரா முள்ளு குத்தின வடு. கம்பெனி தூக்கிப்போட்ட பழசு, அதான் அப்படி இருக்குன்னு நெனச்சேன். நாங்க சர்ச்சுக்குக் கெளம்பினதும் ஏறுவாராம். அம்மா இப்பத்தான் சொல்றா."

டுவேன் சட்டைப் பையிலிருந்து முள் அளக்கும் தகட்டை எடுத்தான். புது முள் அதில் மேல்கோட்டைத் தொடும். தேய்ந்து கீழ்க்கோட்டுக்கும் குறைந்தால் கொக்கியைத் தூக்கிப்போட வேண்டும், யாரும் அதைக் கட்டக் கூடாது. வலதுகால் முள்ளில் வைத்துப் பார்த்தான். கீழ்க்கோட்டையும் எட்டவில்லை. இடதுகாலையும் பார்த்தான். பிறகு வலதை மறுபடியும்.

"நெறைய ஏறின முள்ளு," என்றான்.

"ஆசையே இல்லாதவரு," என்றாள்.

அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கச் சற்று நேரம் ஆயிற்று. லாரியின் பக்கப் பெட்டியில் லைன்மேன்களின் கொக்கிகள் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொரு மாட்டிக்கும் மேலே ஒரு பெயர். ஹெல்பர்களுக்கு அங்கே இடம் கிடையாது. வெர்னெல் பெட்டியைத் திறந்தாள். டுவேனுடையதற்கு அடுத்திருந்த தன் கொக்கியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அந்த மாட்டியில் அப்பாவுடையதைத் தொங்கவிட்டாள்.