வரிசையில் கேட்ட கேள்வி

நான் பிறந்ததும் என் நாக்கில் முதலில் பட்டது மருந்து. என்னைச் சுமந்தபோதுதான் அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரசவம். வலி எடுத்ததும் அவளுக்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் எனக்குச் சொட்டு மருந்து. "இது போதும்மா, பிள்ளைக்கு வராது" என்று நர்ஸ் சொன்னதை அம்மா சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். பல பிள்ளைகளை அந்த மருந்து காப்பாற்றியது. என்னைக் காப்பாற்றவில்லை.

எனக்கு விவரம் தெரியும் முன்பே, பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். இராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்த அம்மா, ஷிப்ட் மாறினாலும் என் மருந்து நேரத்தை மாற விடமாட்டாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி வீட்டுக்கு ஓடி வந்து ஊட்டுவாள். நான் துப்பினால் மடியில் போட்டு, மறுபடி கரைத்துப் புகட்டுவாள். அப்படியும் வாய்ப்புண் ஆறவில்லை, எடை ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து எழுதித் தந்த டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் அம்மா மீதுதான். "மருந்தைக் கீழ கொட்டிட்டு வந்து என்கிட்ட நடிக்கிறியா?" என்று ஒருநாள் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலும் கேட்டார். அம்மா என் கையை இறுகப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு நம்பிய அத்தை, அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போன பின் வந்த இளம் டாக்டர் என் ரத்தத்தை வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறந்த அன்று கொடுத்த மருந்துக்கு என் உடம்பிலிருந்த கிருமி அப்போதே பழகிவிட்டதாம். கூட்டு மருந்திலும் அதே மருந்துதான் இருந்ததாம், அதனால்தான் அது கேட்கவில்லையாம். "உங்க மேல தப்பில்லம்மா. சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்ச விஷயந்தான்."

"யாருக்குத் தெரிஞ்ச விஷயம்?"

"டாக்டர்களுக்கு."

"அப்பம் தெரிஞ்சுதான் அவிய என்னைய அம்புட்டு பேர் முன்னால ஏசுனாவளா?"

அவர் புது மாத்திரைகளை எழுதினார். அவை வேலை செய்தன. புண் ஆறியது, கன்னம் உப்பியது. அம்மா மட்டும் தேறவில்லை. எந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலும் அவள் முகம் இறுகிவிடும்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் அந்தப் பழைய டாக்டரம்மாவைப் பார்த்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா என்னை முன்னே தள்ளிக்கொண்டு போய், "இவதான் அந்தப் பிள்ள. நான் ஒழுங்காத்தான் மருந்து குடுத்தேன்" என்றாள்.

அவர் மலர்ந்து சிரித்தார். "ஆமாம்மா, நீ ஒழுங்கா குடுத்ததாலதான் பிள்ளை இவ்வளவு நல்லா இருக்கா" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கூட்டத்தில் நடந்து போனார்.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அவியளுக்கு என்னைய ஞாபகமே இல்லட்டி" என்றாள்.